சாமி கிடாவுக்குத் தாடை தொங்கிய கார்த்திகை

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அன்று, சீவலப்பேரியில் இருக்கும் என் அக்கா சுடலைமாடனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டாள். தம்பி எழுந்து நடந்தால் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு கிடா வெட்டு. நான் எழுந்து நடந்தேன். பாளையங்கோட்டை டாக்டர் அது தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார். அக்கா அவரைத் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் தொழுவத்துச் செம்மறிக் குட்டிகளில் துடியான ஒன்றின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, சாமிக்கு நேர்ந்து விட்டுவிட்டாள்.

நேர்ந்து விட்ட ஆட்டுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கும் மரியாதை என்னைப்போன்ற எந்த எழுத்தாளனுக்கும் கிடைத்ததில்லை. அதைக் கட்டக்கூடாது. அடிக்கக்கூடாது. யார் வயலில் வாய் வைத்தாலும் விரட்டக்கூடாது. நானோ பகுத்தறிவுப் புத்தகங்களை அலமாரி கொள்ளாமல் வைத்திருப்பவன். இருந்தாலும் தச்சநல்லூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அக்காவின் நலத்தை விசாரித்த கையோடு, "அது எப்படி இருக்கு?" என்றும் கேட்டுவிடுவேன். காரணம், அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "கொடைக்கு முன்னாடி அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாமி ஏத்துக்கிடலைன்னு அர்த்தம்லே. பெறவு ஒன் பாடு."

ஐப்பசியில் மழை பிடித்தது. மற்ற ஆடுகளை வெயில் ஏறி, புல் காய்ந்த பிறகுதான் பட்டியிலிருந்து திறந்து விடுவார்கள். சாமி கிடாவுக்கு ஏது பட்டி? விடிந்தும் விடியாமலும் ஆற்றங்கரைக்குப் போய், பனி சொட்டும் பசும்புல்லை முதல் ஆளாக மேய்ந்தது. கார்த்திகையில் அதன் தாடைக்குக் கீழே பை கட்டியதுபோல் தொங்கியது. கொழுத்துவிட்டது என்று தெருவே மெச்சியது. அக்கா படம் பிடித்து அனுப்பினாள். நானும் பார்த்துவிட்டு, எனக்கே சதை போட்டதுபோல் மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. "ஏலே, கெடா படுத்தே கெடக்கு. எந்திக்க மாட்டேங்கு."

டவுன் பஸ் அன்றைக்கு நின்ற நிறுத்தங்களில் எல்லாம் எனக்கு இதயம் இருப்பது தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வரவழைத்திருந்த கால்நடை டாக்டரம்மா கிடாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம்போல் இருந்தது.

"இது கொழுப்பு இல்லம்மா, நீர்க்கட்டு. வயித்துல புழு உக்காந்து ரத்தத்தைக் குடிக்குது. புழுக்கையோட முட்டை வெளிய வரும். மழை ஈரத்துல பொரிச்சு, பனியோட புல் நுனிக்கு ஏறிக்கிடும். வெயில் அடிச்சா கீழ எறங்கிரும். விடிய மேயுத ஆட்டுக்குத்தான் முதல் பந்தி."

"சாமி ஆடாச்சே, டாக்டரம்மா," என்றாள் அக்கா.

"புழுவுக்கு அது தெரியாதும்மா." டாக்டரம்மா மருந்தை எடுத்தார்.

அக்கா குறுக்கே வந்தாள். சாமிக்கு விட்டதற்கு மனுஷர் மருந்து கொடுப்பதென்றால் உத்தரவு கேட்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஆட்டின் மேல் தண்ணீரைத் தெளித்தால் அது உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி சம்மதித்துவிட்டார்.

ஒரு செம்புத் தண்ணீர் தெளித்தாள். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு செம்பு. காதுகூட ஆடவில்லை.

"உதறதுக்கு ஒடம்புல ரத்தம் வேணும்லாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"தண்ணி ரொம்பக் குளுந்து கெடக்கோ என்னமோ. வெந்நி வச்சுப் பாப்பமாக்கா?" என்றேன் நான், பகுத்தறிவாளன்.

"நீ சும்மா இருலே. ஒனக்காவத்தான இம்புட்டும்." அக்காவின் குரல் உடைந்துவிட்டது. அவள் கிடாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா செம்பை நிரப்பத் திரும்பிய நேரத்தில் டாக்டரம்மா கிடாவின் கடைவாயில் குழாயை நுழைத்து மருந்தை விட்டுவிட்டார். கசந்திருக்க வேண்டும். விழுங்கிய கிடா தலையை ஆட்டியது. பிறகு காது படபடக்க ஒரு உதறு உதறியது. எங்கள் மூவர் மேலும் தண்ணீர் தெறித்தது.

"குடுத்துட்டாரு!" என்று அக்கா கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

முதலில் மருந்து, பிறகு உத்தரவு. அரசு அலுவலகங்களில் இதற்குப் பின்னேற்பு என்று பெயர்.

கிடா போட்ட புழுக்கை மேய்ச்சல் நிலம் முழுவதும் கிடந்ததால் மற்ற ஆடுகளுக்கும் மருந்து ஊற்ற வேண்டியிருந்தது. மிச்சமிருந்த சிக்கல் ஒன்றுதான்: வெயில் ஏறும்வரை அதை வெளியே விடக்கூடாது. சாமி ஆட்டைக் கட்டவும் கூடாது. அக்கா சற்று யோசித்தாள். "கட்டத்தான கூடாது? தொழுவத்துப் படலைச் சாத்தக்கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சு?"

தை பிறந்தபோது தாடை வற்றி, கிடா கண்ணில் பட்டவரை எல்லாம் முட்டிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் போன நான், டாக்டர் சொன்ன காலை நடைக்காக விடியலில் கதவைத் திறந்தேன். அக்கா வந்து சாத்தினாள்.

"பனி எறங்கட்டும்லே. பைய போலாம்." என் முகவாயைப் பிடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "செவப்பாத்தான் இருக்கு."

ஜன்னல் வழியே பார்த்தேன். படலுக்குப் பின்னால் கிடா நின்றுகொண்டிருந்தது. கொடை சித்திரையில். அதன் கண்ணை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இருவரும் வெயிலுக்காகக் காத்திருந்தோம்.