கரும்பலகையில் அழகுமலையின் ஜீப்

பண்ணைக்காட்டில் பொய்யே சொல்லாதவர் என்று பெயரெடுத்த காசிநாதனிடம் ஒரே ஒரு பொய் இருந்தது. யாரும் கேட்காததால் அதை அவர் வாய்திறந்து சொல்ல நேர்ந்ததில்லை.

பத்தாவது இங்கிலீஷில் தவறியவர்களுக்கு மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் வராந்தாவில் டியூஷன் எடுத்தார். 1982 மார்ச்சில் ஒருநாள், ‘ஹூ’, ‘விச்’ என்று இழுக்கும் வாக்கியங்களில் அந்தச் சொற்களைக் கழற்றிவிட்டு, நடந்ததை மட்டும் பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டவைக்கும் பாடம். புத்தகத்து உதாரணங்கள் அவருக்குப் பிடிக்காது. லண்டனில் பாலத்தை யார் கட்டினால் பண்ணைக்காட்டுக்கு என்ன? அழகுமலை ஓட்டிய ஜீப் ஓடையில் விழுந்தது என்று பலகையில் இங்கிலீஷில் எழுதினார். இலக்கணமும் சுத்தம், சம்பவமும் நிஜம். பலகை பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருந்ததுதான் வினை.

பஸ்ஸுக்கு நின்ற யாரோ படித்துச் சொல்ல, மறுநாளே ஜீப்புக்காரர் அழகுமலை வந்துவிட்டார்.

“கிளீனர் மணியன்தான் ஓட்டுனான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். நீங்க எம்பேரப் போட்டுருக்கீங்க. அழிங்க. இல்லாட்டி திங்கக்கெழமை பரீட்சைக்கு ஜீப்பு வராது.”

அந்த ஜீப்பை விட்டால் நேரத்துக்கு வத்தலக்குண்டு போய்ச்சேர வழியில்லை. படிக்க வந்த ஏழு பேரும் பலகையைப் பார்த்தார்கள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து காப்பிப்பழம் பறிக்கும் வீரம்மா மட்டும் வாத்தியாரைப் பார்த்தாள். பத்தாவது தேறினால்தான் கிடைக்கும் பால்வாடி வேலைக்கு அவளுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

“நடந்தத அழிக்க மனசு வரலைங்க” என்றார் காசிநாதன்.

“அடுத்தவன் விழுந்தத எழுத மட்டும் மனசு வருதோ? ஒங்களப் பத்தி ஒண்ணு எழுதுங்க பாப்போம். எழுதுனா, என்னுதும் கெடந்துட்டுப் போகட்டும், ஜீப்பும் வரும்.”

காசிநாதன் சாக்பீஸை எடுத்தார். எழுதினால் நாளை டியூஷனுக்கு யார் வருவார்கள்? கடைசியில் ஒரு வரி எழுதினார். பழக்கதோஷத்தில் ‘ஹூ’வை விட்டுவிட்டே எழுதினார்.

“என்ன போட்டிருக்கு?” என்றார் அழகுமலை.

வீரம்மா விரலால் காற்றில் கோடிழுத்தபடி தமிழில் பெயர்த்துப் படித்தாள். “இங்கிலீசுல ரெண்டு தடவ பெயிலான வாத்தியார் பண்ணைக்காட்டுல இங்கிலீசு சொல்லிக்குடுக்குறார்.”

யாரும் சிரிக்கவில்லை. அழகுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு, “திங்கக்கெழமை வெள்ளனே அஞ்சு மணிக்கு வந்துருவேன். வெரசா ஏறிரணும்” என்று நடையைக் கட்டினார்.

“ரெண்டே தடவதானா சார்? நான் மூணு” என்றாள் வீரம்மா.

காசிநாதன் தலை நிமிரவில்லை. வெட்கம் ஒருபக்கம் பிடுங்கித் தின்றது. இன்னொருபக்கம், மூன்று வருடமாக இந்த மாதிரி வாக்கியத்தில் தடுக்கி விழுந்தவள் இதை ஒரே மூச்சில் கடந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.