செர்பிய வகுப்பில் மனைவியை இழந்தவர்

செர்பிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதவர்களைப் பிடித்துவைத்து, ஸ்டேஷனுக்கு வழி கேட்கும் அளவுக்குத் தேற்றிவிடுவதுதான் டீச்சரம்மாவின் பிழைப்பு. பேக்கரிக்கு மேல் மாடியில் வகுப்பு. உள்ளே கால் வைத்தால் செர்பிய மொழி மட்டும்தான். சொந்தக் கதையைப் பேசச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள் என்று முதல் நாளே ஆளுக்கொரு வேஷம் எழுதிய சீட்டு எடுக்கவைப்பார். சீட்டில் என்ன வந்ததோ, வகுப்புகள் முடியும்வரை அவர் அதுதான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் கப்பல் கேப்டனாகித் தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் மேடைப் பாடகியாகி, தொண்டை கெட்டுவிடும் என்று ஐஸ் தண்ணீரைத் தொடுவதில்லை. கிறுக்குத்தனம்தான், ஆனால் பேச்சு வந்தது.

வீட்டில்தான் பேச்சு நின்றுபோயிருந்தது. அக்கா வீட்டு விருந்தில், லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வாய்க்கொழுப்பெடுத்து, "இவ வேலை என்ன பெரிய வேலை? நாலு பேர் ஸ்டேஷன் எங்கன்னு கேப்பாங்க, இவ வலது பக்கம்னு சொல்லுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து அவர் கணவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை; படுக்கையையும் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டால் கிரீடம் இறங்கிவிடும் என்று கணவரும் விறைத்துக்கொண்டு திரிந்தார்.

இதற்கிடையில், இன்னும் ஓர் ஆள் சேராவிட்டால் செர்பிய வகுப்பையே மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அக்கா மூலமாக அது கணவர் காதுக்கு எட்டியது. மறுநாள் புதுப் புத்தகத்தோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மிச்சம் இருந்தது ஒரே சீட்டு: மனைவியை இழந்தவர்.

அவர் யார் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். கேப்டன் கட்டிக்கொண்டார். பாடகி பூங்கொத்து வாங்கிவந்தாள். செத்துப்போன அம்மாளே அதை வாங்கி ஜாடியில் வைக்கவேண்டியதாயிற்று. வீட்டுக்குப் போனால் இருவரும் பழையபடி ஊமைகள்.

ஒருநாள் கேள்வி நேரம். உங்கள் மனைவிக்கு என்ன வேலை என்று பாடகி செர்பிய மொழியில் கேட்டாள்.

கணவர் சொல் சொல்லாகக் கோத்தார். "டீச்சர். நல்ல டீச்சர். பெரிய வேலை."

டீச்சரம்மாவுக்குக் கையிலிருந்த சாக்பீஸ் நழுவியது. அடுத்து கேப்டன், எப்படி இறந்தார் என்று கேட்டுவைத்தார். சாவைப் பற்றி அதுவரை பாடம் நடக்கவில்லை. கணவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்த சொற்களை வைத்தே சமாளித்தார். "அவள் தூங்குகிறாள். பக்கத்து அறை. கதவு மூடியிருக்கிறது. நான் வெளியே நிற்கிறேன். தினமும் நிற்கிறேன்."

கல்லறையைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பாடகி தேம்பத் தொடங்கினாள். டீச்சரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை வருஷம் கட்டிக்காத்த சட்டத்தைத் தானே உடைத்து, செர்பிய மொழியை விட்டுவிட்டு, "ஒரு தடவையாவது தட்டினீங்களா?" என்றார்.

வகுப்பு வாயைப் பிளந்தது. விதி மீறல் என்று கேப்டன் கையைத் தூக்கினார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"நீ தெறக்கலேன்னா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு" என்றார் கணவர்.

"தட்டியிருந்தா அன்னைக்கே தெறந்திருப்பேனே."