அமீர் ஹம்சாவின் மூக்கு

கோட்டைமேட்டில் கல்யாண பிரியாணி என்றால் அமீர் ஹம்சாவைத்தான் கூப்பிடுவார்கள். முந்நூறு பேருக்கான தேக்சாவை மூடித் தம் போட்டுவிட்டால் அவர் மூடியைத் திறந்தே பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆவியின் வாசனை மாறியதும் எழுந்து, அடுப்பிலிருந்து தணலை இழுக்கச் சொல்வார்.

1959 ஜூலையில் பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது அவர் வந்த பஸ் புளியமரத்தில் மோதியது. பின்மண்டையில் நாலு தையல். கை கால் எதுவும் முறியவில்லை. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்தே போனார்.

“இன்னிக்கு என்ன கொழம்பு?” என்று மனைவியிடம் கேட்டார்.

“மீனு கொதிக்கறது தெரு முச்சூடும் மணக்குது, இப்படிக் கேக்கறீங்களே!” என்று பக்ருன்னிசா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தானே சரியாகிவிடும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் அடுத்த கல்யாணத்துக்குப் போனார். அடி பிடித்துக் கருகிய தேக்சாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதல் பந்தியில் ஆட்கள் கையை உதறி எழுந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அந்த மாதத்திலேயே மூன்று வீட்டார் வேறு ஆளைப் பேசிக்கொண்டார்கள்.

அமீர் ஹம்சாவுக்காக வக்கீல் பாலகோபால், பஸ் முதலாளி லட்சுமணசாமியின் மேல் சப் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். போடும்போதே சொல்லிவிட்டார்: “கை போயிருந்தா கோர்ட்டுல தூக்கிக் காட்டலாமுங்க பாய். இது கண்ணுக்குத் தெரியாத சேதம். உங்க வாய்தான் சாட்சி.”

விசாரணை 1961இல் வந்தது. முதலாளி தரப்பு வக்கீல் எழுந்தார்.

“மூச்சு விடறீங்களா?”

“விடறேனுங்க.”

“மூக்கு இருந்த இடத்துலதான இருக்குது?”

“இருக்குதுங்க.”

“அப்புறம் என்னதான் போச்சு?”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நேரிலேயே சோதித்துவிடலாம் என்று அந்த வக்கீல் அனுமதி கேட்டார். சாட்சி சொல்ல வந்திருந்த டாக்டர் முன்னிலையில் செய்யட்டும் என்றார் நீதிபதி. துண்டால் கண்ணைக் கட்டினார்கள். காப்பித்தூளைக் காட்டினார்கள், பிறகு பெருங்காயம், மல்லிகை. மூன்றுக்கும் “தெரியலீங்க” என்றார் அமீர் ஹம்சா. நாலாவதாக மூக்குக்குக் கீழே அமோனியா சீசா வந்தது. தலை வெடுக்கென்று பின்னால் போயிற்று. கட்டியிருந்த துண்டு நனைந்தது.

“எரியுதுங்க” என்றார்.

“எசமான், ஒரு வாசனையும் தெரியாதவருக்கு இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்று வக்கீல் திரும்பினார்.

பாலகோபால் தலை குனிந்துகொண்டார். வழக்கு போய்விட்டது என்றே அமீர் ஹம்சா நினைத்தார். நீதிபதி டாக்டரைக் கேட்டார்.

“அமோனியாவுல எரிச்சலைக் காட்டற நரம்பு வேறங்க, வாசனையைக் காட்டற நரம்பு வேற” என்றார் டாக்டர். “வாசனை அடியோட போனவருக்கும் கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும். நடிக்கறவருதான் இதுவும் தெரியலைம்பாரு.”

நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு அமீர் ஹம்சாவைப் பார்த்து, “தொழில் போனது சரி. அது தவிர உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டார்.

அமீர் ஹம்சா நனைந்த துண்டை மடித்தார். “சொல்லத் தெரியலீங்க” என்றார். குமாஸ்தா அதை அப்படியே பதிந்தார்.

வராந்தாவில் பக்ருன்னிசா பிடித்துக்கொண்டாள். “எத்தனை இருக்குது! கொழந்தை தலையை மோந்து பாக்கவும் முடியலைன்னு எங்கிட்டச் சொன்னீங்கல்ல? அதுல ஒண்ணையாவது சொல்லியிருக்கலாமே!”

“ஒண்ணைச் சொன்னா, அது மட்டுந்தான் போச்சுன்னு எழுதிப்போடுவாங்க.”

தீர்ப்பில் தொகையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வருஷத்துக்கு எத்தனை கல்யாணம், இன்னும் எத்தனை வருஷம் உழைப்பார் என்று பார்த்து வருமானத்துக்கு நாலாயிரம். மற்றதற்கு ஐந்நூறு. இதை அளக்க நீதிமன்றத்திடம் கோல் இல்லை என்றும், வாதிக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதாலேயே சேதம் இல்லை என்று கொள்ள முடியாது என்றும் நீதிபதி எழுதியிருந்தார். அந்த வரியைப் பாலகோபாலை இரண்டு முறை படிக்கச் சொன்னார் அமீர் ஹம்சா.

“ஐந்நூறுங்கறது எப்படி வந்துச்சுங்க?”

“அதுக்குக் கணக்கு இல்லீங்க பாய். ஆயிரம் போட்டா மேல் கோர்ட்டுல குறைச்சுப்போடுவாங்கன்னு நினைச்சிருப்பாரு. நூறு போட அவருக்கே மனசு வந்திருக்காது.”

லட்சுமணசாமி அப்பீலுக்குப் போனார். 1963இல் அது தள்ளுபடியானது. வந்த தொகையில் அமீர் ஹம்சா உக்கடத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்தார். சமையலுக்கு யார் கூப்பிட்டும் அதன் பிறகு போகவில்லை. கடை நன்றாகவே நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து, பெண் கல்யாணத்துக்குப் பெரிய அண்டாக்கள் வேண்டுமென்று லட்சுமணசாமியே காரில் வந்து இறங்கினார். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கி நின்றார்.

“உள்ள வாங்க. எத்தனை பேருக்குங்க?” என்று கேட்டார் அமீர் ஹம்சா.

ஆயிரம் பேர் என்றார் அவர். எட்டு அண்டாக்களை விளக்கி வண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்களிடம் வாங்கும் வாடகையைத்தான் அவரிடமும் வாங்கினார்.