போனுக்கு வைத்த பொட்டு

காப்பி விவசாயிகள் சங்கத்தின் கம்ப்யூட்டர் வத்தலக்குண்டில் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த புஷ்பமேரி கொடைக்கானல் கிளையில் இருந்தாள். எண்பத்தாறாம் வருஷத்தில் பாதி அவளுக்கு மலைப்பாதை பஸ்ஸிலேயே போயிற்று. கரண்டு போய் வந்தால் மெஷின் பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்கும். கன்சோல் என்ற அந்த ஒரு திரையில் பதில் அடித்தால்தான் மேலே நகரும். அந்த ஓரெழுத்துப் பதிலுக்காக அவள் அரைகுறையாக வெந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு இறங்குவாள்.

மழைக்காலம் முடிவதற்குள் கீழே குடிவர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்று மேனேஜர் சேனாதிபதி சொல்லிவிட்டார். புருஷன் அலெக்சாண்டருக்குக் கொடைக்கானல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். நாம் இறங்குவதற்குப் பதில் கன்சோல் ஏறி வந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

மேனேஜரை நச்சரித்து இரண்டு மோடம் வரவழைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். அதில் போன் ரிசீவரைக் கவிழ்த்தால் எழுத்தெல்லாம் விசிலாக மாறிக் கம்பியில் போகும். மறுமுனையில் திரும்ப எழுத்தாகும். கன்சோலுக்கான வயரை அவளே பற்றவைத்தாள். கீழே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு மோடத்தையும் ஒரு திரையையும் மேலே கிளைக்குக் கொண்டுவந்து வைத்தாள். மலைக்குத்தான் இன்னும் சோதிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மழையில் பாதை சரிந்தது. அன்றைக்கே மெஷினும் நின்றது.

வத்தலக்குண்டு ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டாள். வாட்ச்மேன் நல்லுசாமியின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டு, ரிசீவரைக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னாள். விசில் வரவில்லை. இன்னொரு தரம் வைக்கச் சொல்லியும் வரவில்லை. இப்போது சேனாதிபதியே ரிசீவரை எடுத்தார்.

“விசிலடிக்கத்தான்னா நம்ம பஸ் கண்டக்டரே போதுமே, புஷ்பமேரி.”

அவர் குரலும் அதே கம்பளிக்குள்ளிருந்துதான் வந்தது. பின்னால் ஜீப் ஹாரன் கூட மங்கலாகத்தான் கேட்டது. அவள் குரலோ அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் கோளாறு லைனில் இல்லை, அவர்கள் ரிசீவரில் பேசுகிற பக்கத்தில். நேற்று என்ன நாள்? நல்லுசாமியைக் கூப்பிடச் சொன்னாள்.

“அண்ணே, நேத்து பூசையில எதுக்கெல்லாம் பொட்டு வச்சீங்க?”

“ஒண்ணையும் விடல தாயி. மெஷினு, பூட்டு, ஜீப்பு…”

“போனுக்கு?”

“அதுக்குத்தான் மொதப் பொட்டே. இனிமே எல்லாச் சோலியும் அதுலதான்னு நீங்கதானே சொன்னீங்க. பேசுற பக்கத்துல சந்தனத்த நல்லா அப்பி வச்சிருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அவசரமும் ஒன்றாக வந்தன. “ஒரு ஊக்க எடுத்து ஒவ்வொரு ஓட்டையா வெரசா நோண்டுங்கண்ணே.”

கரகரவென்று காதுக்குள் சுரண்டியது. கம்பளி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

“இப்பக் கேக்குதா தாயி?”

பக்கத்தில் நின்று கேட்டதுபோல் இருந்தது. கீழே ரிசீவர் கிண்ணத்தில் உட்கார்ந்தது, விசில் பிறந்தது, தன் ரிசீவரையும் அவள் கவிழ்த்ததும் அவள் பக்க மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு விசையைத் தட்டினாள். இத்தனை நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த அதே கேள்வி, எழுத்து எழுத்தாகத் திரையில் வந்து நின்றது. ஓரெழுத்தை அடித்தாள். வரிகள் ஓட ஆரம்பித்தன. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சேனாதிபதி கூப்பிட்டார். மெஷின் ஓடுவதை ஒப்புக்கொண்டார்.

“அப்ப நீங்க கீழ வர வேண்டியதில்லன்னு சொல்லுங்க.”

“ரோடு தொறந்ததும் ஒரு நாள் வர்றேங்க,” என்றாள். “அந்தப் போனை நல்லாத் தொடைக்கணும்.”