மழைக்கு முன் முடிக்க வேண்டிய டெஸ்டிங்

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி ஒன்றுக்காகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய அலுவலகத்தில் எனக்கு வேலை. எழுதுவது என் சார். அவர் எழுதியதை உடைத்துப் பார்ப்பது நான். வீட்டில் பாத்திரம் பண்டம் உடைப்பதில் எனக்கிருந்த தேர்ச்சியைப் பார்த்தால், பிறவியிலேயே அமைந்த உத்தியோகம்.

சார் பாலக்காட்டுத் தமிழர். திருப்பூணித்துறையிலிருந்து வருவார். மழை தொடங்கினால் கரண்ட் போய்ப்போய் வரும், மெஷின் புகைந்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் சித்திரை விஷுவுக்குள் எழுதி முடிப்பது, மிச்ச வெயில்காலம் முழுக்க டெஸ்டிங், மழைக்கு முன்பே மண்டி முதலாளி சேட்டிடம் ஒப்படைப்பது என்று திட்டம் போட்டார். சேட்டு ஏற்றுக்கொண்டால் என் வேலை நிரந்தரம். வீட்டில் அதை இப்போதே நிரந்தரமாக்கி, எனக்குப் பெண் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷு வந்தது. புரோகிராம் வரவில்லை. சார் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு வேண்டிய நாட்களையெல்லாம் டெஸ்டிங்கிலிருந்து எடுத்துக்கொண்டார். கடைசியில் எனக்கு ஒரு சாயா குடிக்கும் நேரம் மிஞ்சும்போல இருந்தது.

"சார், மழைல மிளகு ஈரம் குடிக்கும். உள்ள போன மூட்டை வெளிய வரப்ப கனம் கூடியிருக்கும். அதையும் போட்டுப் பாக்கணும்."

"அதெல்லாம் மழை வந்தப்றம் பாத்துக்கலாம்டா. இப்போ இருக்கற மொளகைப் போட்டுப் பாரு."

இப்போது இருந்தது வெயிலில் காய்ந்து கலகலத்த மிளகு. போட்டேன். எல்லாம் சரியாக வந்தது. அவ்வளவு சரியாக வந்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

உள்ளே வந்த எடைக்கு மேல் வெளியே போகக் கூடாது என்று புரோகிராமில் ஒரு பூட்டு வைத்திருந்தார் சார். திருட்டைத் தடுக்கவாம்.

மண்டியில் ஒப்படைத்த பிறகு இடவப்பாதி மழை கொட்டியது. மெஷினை ஓட்டிக் காட்ட நான் அங்கே இருந்தேன். ஆலுவாவுக்குப் போகவேண்டிய லாரி பஜார் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, ஈரம் குடித்துக் கனத்த மூட்டைகளை நிறுத்து எடையைத் தட்டினேன். இருப்பு இல்லை என்றது திரை. மறுபடி தட்டினேன். மறுபடியும் இல்லை. லாரிக்கான சீட்டு அடிக்க மறுத்துவிட்டது. பின்னால் ஹாரன்கள்.

சேட்டு திரையையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "மோனே, என்ட முளகு என்ட முன்னில் இருக்கு. நின்ட பெட்டி இல்லான்னு பறயுது. நான் யாரெ விஸ்வசிக்கணும்?"

"மிளகை, சேட்டு" என்றேன். என் வாய் ஒருபோதும் சும்மா இருந்ததில்லை.

அன்றே மெஷின் எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. சார் சேட்டைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சரிபண்ணித் தரச் சொல்லிட்டார். இனிமே கடைசில டெஸ்டிங் கிடையாதுடா. ஒவ்வொண்ணும் எழுதின உடனே. மழைக்காலம் முழுக்கவும். நீ சொன்னதுதான் சரி, கேட்டியா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கே ஆரம்பிக்கட்டா, சார்?"

அவர் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். "டெஸ்ட் பண்ணின பையன் சரியாப் பாக்கலேன்னு சேட்டுகிட்ட சொல்லும்படி ஆயிடுத்து. அவனை மாத்தினாத்தான் வேலைன்னார். உனக்கு வேற எடம் கெடைக்கும்டா."

வீட்டில், மழை முடியும்வரை அலுவலகத்துக்கு லீவு என்று சொன்னேன். மெஷின் நனையுமல்லவா, நம்பினார்கள். ஊரே எப்போது வெளுக்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் கொஞ்சம் பெய்யேன் என்று நான் ஒருவன் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது.