முட்டுக்காட்டில் ஒரு மிதிபடகு

பெரிய மாமா இறந்த பிறகுதான் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். திருப்புட்குழியில் இருந்தார். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய ஊர். அப்பாவுக்கு அவர் மைத்துனர் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். தன் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான். அவர் இறந்த அன்று அப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காரியத்தன்று வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போனார். கேட்டவர்களிடம் முகூர்த்த பிளவுஸ் வேலை என்று சொன்னார்.

நம்பக்கூடிய காரணம்தான். பெரிய காஞ்சிபுரத்தில் அப்பாவுக்குத் தையல்கடை. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் அப்படியே பிளவுஸையும் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முகூர்த்த நாளை யாரும் தையல்காரனுக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். இது அம்மாவுக்கும் தெரியும். ஹூக் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அதே கடையில் அம்மா செய்கிற வேலை. ஆனாலும் அம்மா மன்னிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வருடக்கணக்கில் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள்.

நானும் தம்பியும் வீட்டில் இருந்தவரை நாங்கள்தான் நடுவில் நின்று பேச்சைக் கடத்துவோம். "உங்கப்பாவ சாப்ட வரச்சொல்லு." "உங்கம்மாகிட்ட கேளு, மஞ்ச பிளவுஸ் முடிஞ்சிடுச்சான்னு." எனக்கு சென்னையில் வேலை கிடைத்து, தம்பியும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, அவர்கள் காற்றைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். "கத்தரி எங்க இருக்குதுன்னே தெரியலையே" என்று அப்பா பொதுவாகச் சொல்வார். அம்மா அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருவான்மியூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கடலை நானே வாங்கிப் போட்டதுபோலக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் கடையில் வேலை குறைவு. ஒரு ஆடி ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரச்சொன்னேன். தம்பியும் விடுதியிலிருந்து வந்தான். காலையில் கடற்கரையில் அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையில் நின்றாள். அப்பா தள்ளிப் போய், பலூன் சுடுகிற இடத்தில் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தார். நன்றாகவே சுட்டார். கை தட்டியவர்கள் நானும் தம்பியும் மட்டும்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முட்டுக்காடு போகலாம் என்றான் தம்பி. கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் போய் இறங்கினோம். அங்கே உப்பங்கழியில் படகு விடுவார்கள். நால்வர் போகும் படகுக்கு வரிசை நீளமாக இருந்தது. இருவர் உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டுகிற படகுகள் காலியாக இருந்தன. நானும் அம்மாவும் ஒன்றில், அப்பாவும் தம்பியும் ஒன்றில் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா முதலில் ஏறி உட்கார்ந்தார். படகை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் அம்மாவின் கையைப் பற்றி, "வாம்மா, பயப்படாத. வீட்டுக்காரர் பக்கத்துலயே உக்காரு" என்று ஏற்றிவிட்டார். பின்னால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. படகுக்காரர் படகைக் காலால் தள்ளிவிட்டார்.

நாங்கள் அடுத்த படகில் ஏறி வெளியே வந்தபோது அவர்கள் கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் படகுகளில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால்தான் படகு திரும்பும். அப்பா மிதிக்க மட்டும் செய்தார். தையல்மெஷின் மிதித்த கால்கள், வேகமாகவே மிதித்தார். கைப்பிடியை அவரும் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லை. கடல் காற்று வேறு தள்ளியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு எதிர்க்கரைப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் போய்ச் சேற்றில் தட்டி நின்றுவிட்டது.

"போய் உதவலாம்டா" என்றேன்.

தம்பி மிதிப்பதை நிறுத்தினான். "இருக்கட்டும்க்கா. தண்ணி முட்டி அளவுகூட இருக்காது. அங்க போய் நாமளும் மாட்டிக்கினு நிக்கணுமா?"

அவன் வேண்டுமென்றே சொன்னானா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், மோட்டார் படகு வரும் என்று கையைக் காட்டினார்கள். நாங்கள் தூரத்திலேயே மிதந்துகொண்டிருந்தோம்.

ஆரஞ்சு நிற மிதவை உடுப்பில் இரண்டு முதுகுகள். முதலில் இரண்டும் அசையவில்லை. பிறகு அம்மாவின் கை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. அம்மா கோபத்தில் பேசும்போதுதான் கை அப்படிப் போகும். அப்பா குனிந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு சொல் பிடிக்காவிட்டால் சமையலறைக்குப் போய்விடலாம், கடையில் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிடலாம். எழுந்துபோக வழியில்லாத ஓரிடத்தில் அவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்ததை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

மோட்டார் படகு அவர்களை இழுத்துவந்தது. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அப்பா எதுவும் நடக்காததுபோலச் சட்டையை உதறினார். திரும்பும் பஸ்ஸில் அம்மா முன்னால் ஏறி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க, காத்து வரும்" என்றாள். அதை அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். தம்பி என் கையை அழுத்தினான்.

அங்கே என்ன பேசினார்கள் என்று பல வருடங்கள் கழித்துத்தான் அம்மா சொன்னாள்.

"நான்தான் கேட்டேன். ஒரு நாள் கடைய மூடினா இன்னா ஆயிருக்கும்னு. பிளவுஸெல்லாம் முந்தின நாளே முடிஞ்சிடுச்சுன்னாரு."

"அப்புறம் ஏன் வரல?"

"ஷட்டர பாதி எறக்கி வெச்சுக்கினு உள்ளயே உக்காந்துக்கினு இருந்தாராம். அண்ணன அப்படிப் படுக்க வெச்சுப் பாக்க முடியாதுன்னு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு ரெண்டு வாட்டி திரும்பி வந்தாராம். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு வேலைன்னு சொல்லியிருக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? அத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன்ல. அததான் சொன்னேன்."

இதனால் இருவரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று எழுதினால் பொய். நிறையச் சண்டை போட்டார்கள். ஆனால் சத்தமாக, நேருக்கு நேராகப் போட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் காதில் விழுகிறது என்று நான் சொன்னால், விழட்டுமே என்பாள் அம்மா. மாமா இறந்ததற்கு அப்பா எவ்வளவு அழுதார், அழுதாரா என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவர் துக்கத்தை இன்னொருவர் அலட்சியம் என்று புரிந்துகொண்டு இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க முடியும் என்பது மட்டும் தெரிந்தது. அதன்பிறகு யாராவது சாவுக்கு வரவில்லை என்று குறை சொன்னால் நான் உடனே தலையாட்டுவதில்லை.

முட்டுக்காடு போய்வந்ததற்கு அடுத்த மாதம் ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அறைக்கு வெளியே அவர்களுடைய பை இருந்தது. வருவதாகச் சொல்லவே இல்லை. கீழே இருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "உங்கப்பா அம்மா வந்தாங்கம்மா. பைய வெச்சுட்டு பீச்சுக்குப் போறோம்னு சொன்னாங்க. நீ வந்தா தேடிக்கினு வரவேணாமாம்" என்றார்.

நான் தேடிக்கொண்டு போகவில்லை. குக்கரில் மூன்று பேருக்கு வருகிற அளவு அரிசி போட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் போன பிறகுதான் வந்தார்கள். இருவர் செருப்பிலும் ஈரமணல்.