நான் நிமிர்த்திய மஞ்சள் கோடு

பணத்தில் அவள் என்னை ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம். வாடகை, கேஸ், கரண்ட் எல்லாவற்றிலும் சரிபாதி கொடுத்தாள். அட்வான்ஸில் என் பங்கும் கைக்கு வந்துவிட்டது. அவள் எடுத்துக்கொண்டது வேறு.

ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருந்தது அந்த வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு சமையலறை. நானும் அவளும் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். என்னைவிட ஏழு வயது சின்னவள். சாமல்பட்டிப் பக்கம் ஊர். நான் நாட்றாம்பாளையத்துக்காரி. அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது என்பதால் அந்த வார்த்தைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே மயங்கிவிட்டேன்.

அதற்கு முன் பதினோரு வருஷம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு அறையில் எட்டுப் பேருக்கு ஆறு கட்டில். யாராவது இரண்டு பேர் எப்போதும் ஷிஃப்டில் இருப்பார்கள் என்பது வார்டனின் புத்திசாலித்தனம். நான் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி அதே மெத்தையில் படுத்திருப்பாள். சீப்பு வைத்த இடத்தில் சீப்பு இருக்காது. பக்கெட்டில் என் பெயர் எழுதினால் அடுத்த வாரம் அதன் மேல் இன்னொரு பெயர் இருக்கும். எனக்கு நகை ஆசை, ஸ்கூட்டி ஆசை எதுவும் வந்ததில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிற ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வயதில் அது கிடைத்தது.

வீட்டு அக்ரிமென்ட் போட்ட அன்று கம்பெனியில் ஆடிட். எனக்கு லீவு தரவில்லை. அவள்தான் போய்க் கையெழுத்துப் போட்டாள். "உன் பேரையும் சேக்கச் சொல்லட்டாக்கா?" என்று போனில் கேட்டாள். ஒருத்தி பேரில் இருந்தால் போதாதா, யார் பேராக இருந்தால் என்ன என்று சொன்னது நான்தான். பெரிய மனுஷி என்ற நினைப்பு.

வீட்டை ஒழுங்கு செய்தது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கம்பெனிப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே 'ஃபைவ் எஸ்' என்று ஒன்று உண்டு. எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்ட வேண்டும். பொருள் வருவதற்கு முன்பே கோடு வந்துவிட வேண்டும். கோடு கோணலாக இருந்தால் முதலில் பார்த்தவர்தான் நிமிர்த்த வேண்டும், யார் ஒட்டியது, எதற்கு ஒட்டியது என்று விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நிமிர்த்தி, அளந்து, சரி என்றால் மூலையில் மார்க்கரால் டிக் போட்டுத் தேதி எழுத வேண்டும். டிக் விழுந்துவிட்டால் அந்த இடம் உறுதி. எங்கள் லைனில் அந்த டிக் போடுகிற ஆள் நான். அந்தப் பைத்தியம் எனக்கு எவ்வளவு முற்றிப்போயிருந்தது என்றால், கல்யாண வீட்டில் பந்தி இலை கோணலாக இருந்தாலும் கை போய்விடும்.

புது வீட்டில் என்னைக் கேட்க ஆளில்லை. சிலிண்டருக்கு ஒரு வட்டம், குப்பைக்கூடைக்கு ஒரு சதுரம், தண்ணீர் கேனுக்கு ஒரு வட்டம். சமையலறைச் சுவரில் கரண்டி, ஜல்லிக்கரண்டி, இடுக்கி எல்லாவற்றையும் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து ஆணி அடித்தேன். எது காணாமல் போனாலும் அதன் படம் சுவரில் தெரியும். பெங்களூருக்கு மாறிப்போன ஒரு கன்னடக் குடும்பத்திடம் வாங்கிய ஒற்றைக் கட்டில், படுக்கையறையில் ஜன்னலோரம் எனக்கு. அவளுக்குக் கட்டில் பிடிக்காது, ஹாலில் மெத்தை விரித்துப் படுப்பாள்.

"இப்படியே போனா என்னையும் ஒரு கோட்டுக்குள்ள நிக்க வெச்சிருவ போலக்கா," என்று சிரிப்பாள். ஆனால் பழகிக்கொண்டாள். எங்கள் ஷிஃப்ட் எப்போதும் எதிரெதிர். நான் காலை ஷிஃப்டில் இருக்கும் வாரம் அவள் மதிய ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அதனால் வீட்டு விஷயங்களை டேப்பிலேயே பேசிக்கொண்டோம். அவள் ஒரு மூலையில் கோடு ஒட்டி வைத்திருப்பாள். நான் வந்து பார்த்து டிக் போடுவேன். அடுத்த வாரம் அங்கே ஒரு ஷூ ரேக்கோ பாத்திர ஸ்டாண்டோ வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் யாரையும் கேட்டதில்லை. இத்தனை ஒற்றுமை அக்கா தங்கைக்குள்ளேயே இருக்காது என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடித் தள்ளுபடியில் இரண்டு பேருமாகப் போய் ஜன்னல் திரைச்சீலை எடுத்தோம். கூடவே ஒரு சின்னச் சுவர்க்கண்ணாடியும். அதை மாட்டும்போது ஒரு சின்னத் தகராறு. நாங்கள் இருவருமே குள்ளம். அவள் ஆணியை எங்கள் தலைக்கு மேல் ஒரு சாண் தள்ளி அடிக்கச் சொன்னாள். "முகம் தெரியணுமா, ஃபேன் தெரியணுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் மேல இருந்தாத்தான் வூடு பெருசா தெரியும்க்கா, சொன்னாக் கேளு." கேட்டேன். அதன் பிறகு தினமும் நுனிக்காலில் நின்று எக்கித்தான் பொட்டு வைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு மதிய ஷிஃப்ட். முந்தின ராத்திரி விளக்குப் போடாமல் வந்து படுத்துவிட்டதால், காலையில் எழுந்தபோதுதான் படுக்கையறைத் தரையில் புதுக்கோட்டைப் பார்த்தேன். என் கட்டிலையும் உள்ளே அடக்கிக்கொண்டு, அதைத் தாண்டி அறையின் நடு வரைக்கும் ஒரு பெரிய செவ்வகம். அவசரத்தில் ஒட்டியிருக்கிறாள், நான்கு மூலையில் ஒன்றுகூடச் சரியில்லை. அளவு டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் ஆறேகால் அடி, அகலம் ஐந்தடி. டபுள் காட், இரண்டு பேர் படுக்கிற கட்டில் அளவு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹாலில் படுத்துப் படுத்து அவளுக்கு இடுப்பு வலி வந்திருக்கும், இரண்டு பேருக்குமாகப் பெரிய கட்டில் வாங்கப் போகிறாள், அதை ஞாயிறு வரைக்கும் ரகசியமாக வைத்திருக்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். வேறு மாதிரி யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் நான் நானில்லை.

என் ஒற்றைக் கட்டிலைக் கழற்றி ஹாலுக்குத் தள்ளினேன். அவள் ஒட்டியதை முழுக்க உரித்தேன். அதே இடத்தில் கட்டில் போட்டால் பீரோக் கதவு பாதிதான் திறக்கும், அதனால் நான்கு விரல் தள்ளி, சுவரிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக அளந்து, மூலைமட்டம் வைத்துப் புதிதாக ஒட்டினேன். முட்டி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம். கடைசியில் மூலையில் டிக் போட்டுத் தேதி எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் 'ஜன்னல் பக்கம் எனக்கு' என்று எழுதி ஜன்னல் கம்பியில் ஒட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் பார்த்தபோது சீட்டு இல்லை. எடுத்து வைத்துக்கொண்டாளாக்கும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அவள் ஊருக்குப் போய்விட்டாள், அதற்கடுத்த ஞாயிறுகளிலும். நான் ஹாலில் என் கட்டிலில் படுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த அந்த மஞ்சள் செவ்வகத்தைத் தினமும் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தை எனக்குச் சொன்னது கீழ்வீட்டு ஓனரம்மா. தெலுங்குக்கார அம்மா, நல்ல மாதிரி. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அரிசி வடகம் எடுக்க வந்தவர், "ஏம்மா, நீ மறுபடி ஹாஸ்டலுக்கே போறியாமே? உன்கூட இருக்கற பாப்பா சொல்லிச்சு. தனியா இருந்து பழகினவங்களுக்குக் கஷ்டம்தான்," என்றார்.

நான் துணியைப் பிழிந்தபடியே நின்றேன்.

"கல்யாணப் பத்திரிகை பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. மாப்பிள்ளைக்குப் போச்சம்பள்ளில கம்பெனி வேலையாமே. நல்ல உயரமாம், ஆறடி. சீர்ல கட்டிலு, மெத்தை எல்லாம் பாப்பாவோட நாயனா, அவங்க அப்பா, செஞ்சு அனுப்பறாராம். இங்கயே குடித்தனம்னு சொல்லிச்சு. நமக்கும் நல்லது, ஃபேமிலி."

ஆறடி. எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கட்டில் இல்லை, கண்ணாடிதான்.

"ஆமாங்கம்மா," என்றேன். "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் வீட்டு விஷயம் எனக்கே தெரியாது என்பதை அந்த அம்மாவிடம் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அந்த நிமிஷத்தில்கூட அதை என் வீடு என்றுதான் நினைத்தேன்.

அன்று முதல்முறையாக வேலைக்குப் போகாமல் கம்பெனி பஸ்ஸை விட்டேன். காலை ஷிஃப்ட் முடிந்து அவள் மூன்று மணிக்கு வருவாள். ஹாலில் நாற்காலியில், நாற்காலிக்கான கோட்டுக்குள்ளேயே, உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் செருப்பைக்கூட ரேக்கில் விடாமல் நின்றாள்.

"கீழ சொன்னாங்களா?"

"எப்ப பேசி முடிச்சாங்க?"

"ஆடிக்கு முன்னாடியே."

அப்படியானால் திரைச்சீலைக்கு நிறம் பார்த்தபோதே தெரியும். இந்தப் பச்சையா அந்தப் பச்சையா என்று என்னைக் கடை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க விட்டபோதே தெரியும்.

"சொன்னா நீ சங்கடப்படுவேன்னுதான்க்கா. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அப்புறம் கோடு ஒட்டிட்டுப் போனன். நீயே கேப்ப, சொல்லிரலாம்னு இருந்தன். வந்து பாத்தா நீ கட்டிலையே எடுத்து வெளிய போட்டு, கோட்டையும் நேராப் பண்ணி, டிக் போட்டு வெச்சிருக்க. அக்காவுக்கு ஊர்லருந்து யாரோ சொல்லிட்டாங்க, ஒத்துகினாங்கன்னு நெனச்சன்."

ஒரு நொடி நானே நம்பிவிட்டேன். எங்கள் கம்பெனிச் சட்டப்படி அவள் பேசுவது சரி. டிக் போட்டவள் நான். தேதிகூடப் போட்டிருக்கிறேன்.

"ஜன்னல் பக்கம் எனக்குன்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்தேனே," என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய் டீ போட்டாள், எனக்கும் சேர்த்து. நான் குடிக்கவில்லை. டம்ளரை அப்படியே எடுத்துப்போய்க் கொட்டிவிட்டுக் கழுவி அதன் இடத்தில் கவிழ்த்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொண்டதைத் துரோகம் என்று சொல்ல நான் அவ்வளவு கேவலமானவள் இல்லை. முறையாகக் கேட்டிருந்தால் மூக்கால் அழுதாவது வீட்டைக் கொடுத்திருப்பேன். எனக்கு ஆறாதது வேறு. ஒரு பைத்தியக்காரி ஆசையாக முட்டி போட்டுத் தன் இடத்தைத் தானே அளந்து வேறு யாருக்கோ ஒதுக்கி வைக்கிறாள், அது தெரிந்தும் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள். ஒரு மாதம் நான் அந்தத் தரையைத் துடைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஹாஸ்டலில் ஒன்றாம் தேதியிலிருந்து கட்டில் தருவதாகச் சொன்னார்கள். நான் பெட்டி கட்டிய அன்றே சீரும் வந்தது. சாமல்பட்டியிலிருந்து குட்டியானை வண்டியில் கட்டில், மெத்தை, இரண்டு அண்டா, ஒரு கிரைண்டர். அவள் அப்பாவும் இரண்டு உறவுக்காரர்களும் கட்டிலை மாடிக்கு ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீதான் கூட இருந்த பொண்ணாம்மா, கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துரணும்," என்றார். வெள்ளந்தியான மனுஷன். தலையாட்டினேன்.

படுக்கையறையில் கட்டிலை இறக்கினார்கள். நான் ஹாலில் என் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் கதவு திறந்திருந்தது. நான்கு காலும் கோட்டுக்கு உள்ளே சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தன. அவள் அப்பா பீரோக் கதவைத் திறந்து பார்த்தார். எங்கும் இடிக்காமல் முழுசாகத் திறந்தது. குனிந்து சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு," என்றார். "ஆசாரி வந்து அளந்தாக்கூட இப்படி அமையாது. யாரும்மா இந்தக் கோடு போட்டது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாம்ப்பா."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாரம் அதிகம் என்கிற மாதிரி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினேன். மேலே பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மெத்தையைப் பற்றிப் பேசினார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். தெருவுக்கு வரும் வரைக்கும் அவள் அதைத் திருத்திச் சொல்லவில்லை.